பக்கத்து முகாம்: நம்மூர்க்காரர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

பவானிசாகர், அரச்சலூர், பூலுவபட்டி, மேட்டுப்பாளையம் வேடர் காலனி, கரூர் ராயனூர், பரமத்தி என்று கொங்கு நாட்டில் பல இடங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தவர், சத்தியமங்கலம் பக்கம் விடிகாலையில் மல்லிகை பறிக்கப் போகும் அக்கா, திருப்பூர் பனியன் கம்பெனியில் அடுத்த மிஷினில் தைக்கிற தம்பி என்று தினமும் அவர்களோடு பழகுகிறோம். ஆனாலும் சட்டப்படி அவர்கள் இங்கே எந்த நிலையில் இருக்கிறார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. முகாம் பிள்ளைகளுக்கு விண்ணப்பமும் மனுவும் எழுதிக் கொடுத்து வருகிறேன். அதனால் டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் என்னிடம் இதைப் பற்றிக் கேட்பார்கள். அந்தக் கேள்விகளைக் கேட்டபடியே போட்டு, எனக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறேன்.

ஏனுங்க, இவங்கெல்லாம் யாரு? எப்ப வந்தாங்க?

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு படகேறி வந்தவர்கள் முதல் அலை. 1989க்குப் பிறகு, 1996க்குப் பிறகு, 2006க்குப் பிறகு என்று போர் மூளும்போதெல்லாம் அடுத்தடுத்து வந்தார்கள். மொத்தம் மூன்று லட்சம் பேருக்கு மேல். பாதிக்கு மேற்பட்டவர்கள் திரும்பிப் போனார்கள், அல்லது வேறு நாடுகளுக்குப் போய்விட்டார்கள். 2021இல் தமிழக அரசு சொன்ன கணக்குப்படி முகாம்களில் சுமார் 58,800 பேர், முகாமுக்கு வெளியே காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு வாழ்பவர்கள் சுமார் 34,000 பேர்.

எல்லோரையும் யாழ்ப்பாணத்துக்காரர்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். முகாம்களில் கணிசமானவர்கள் மலையகத் தமிழர்கள். வெள்ளைக்காரன் காலத்தில் சேலம், திருச்சி, மதுரை, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போகப்பட்டவர்களின் பேரன் பேத்திகள். 1948இல் இலங்கை போட்ட குடியுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். மீதமிருந்த 1,50,000 பேரின் கதி 1974இல் முடிவானது. யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தியாவின் பங்கில் விழுந்து முறைப்படி வந்தவர்கள் நீலகிரித் தேயிலைத் தோட்டத்திலும் நம்மூர் நூல் மில்களிலும் குடியமர்ந்தார்கள். தோட்டத்தில் கலவரத்துக்குப் பயந்து வடக்கே வவுனியா பக்கம் போய், அங்கேயும் போர் துரத்த, கடைசியில் படகேறியவர்கள் முகாமில் இருக்கிறார்கள். ஒரே கொள்ளுத்தாத்தாவின் வாரிசுகள். ஒரு பிரிவு குன்னூரில் ஓட்டுப் போடுகிறது, இன்னொரு பிரிவு பவானிசாகரில், ஆள் இருக்கிறாரா என்று பெயர் வாசித்துப் பார்க்கும் தணிக்கைக்கு நிற்கிறது.

நாப்பது வருசமாச்சு. இன்னுமா குடியுரிமை குடுக்கல?

இல்லை. காரணம் ஒரு முடிச்சு.

குடியுரிமைச் சட்டம் 1955இன்படி, வெளிநாட்டவர் குறிப்பிட்ட காலம் இங்கே வாழ்ந்தால் விண்ணப்பிக்கலாம். ஆனால் பாஸ்போர்ட் இல்லாமல் வந்தவர் ‘சட்டவிரோதக் குடியேறி’. 2003இல் வந்த திருத்தம் அவருக்கு அந்தக் கதவைச் சாத்திவிட்டது. குண்டு விழும்போது மன்னாரிலிருந்து படகேறியவரிடம் பாஸ்போர்ட் எங்கே இருக்கும்?

சரி, இங்கே பிறந்த பிள்ளைகள்? 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் யாராக இருந்தாலும் பிறப்பாலே இந்தியர். அதற்குப் பிறகு பிறந்தால் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பிறகு பிறந்திருந்தால், ஒருவர் இந்தியராக இருந்தும் மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’யாக இருந்தால் போச்சு. ஆகவே ஈரோடு அரசு ஆஸ்பத்திரியில் பிறந்து, சத்தியில் பள்ளிக்கூடம் படித்து, நம்மைப் போலவே ‘என்னுங்கண்ணா’ என்று பேசுகிற இருபது வயதுப் பையன் காகிதத்தில் இலங்கைக்காரன். அவன் இலங்கையைப் பார்த்ததே இல்லை.

2019இல் வந்த குடியுரிமைத் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஆறு மதத்தவருக்கு வழி திறந்தது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. அதே 2019 ஜூனில் மதுரை உயர் நீதிமன்றக் கிளை, இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், மத்திய அரசு அதைப் பரிசீலிக்க வேண்டும் என்று சொன்னது.

ஒரு நல்ல சேதியும் உண்டு. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் மறுத்தார்கள். நீதிமன்றம் போனார். பிறப்புச் சான்றே போதும் என்று 2022இல் தீர்ப்பு வந்தது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் திருச்சியில் ஓட்டுப் போட்டார். சட்டம் முதலிலிருந்தே அவர் பக்கம்தான் இருந்தது. அதைப் படித்துப் பார்க்க ஒரு அலுவலகத்துக்கு நீதிமன்ற உத்தரவு தேவைப்பட்டது. உங்களுக்குத் தெரிந்த முகாம்காரர் யாராவது 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்திருந்தால் பிறப்புச் சான்றைப் பத்திரமாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

அகதிகளுக்குன்னு சட்டமே இல்லையா?

இல்லை. ஐ.நா.வின் 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. 1967 நெறிமுறையிலும் இல்லை. உள்நாட்டிலும் தனிச் சட்டம் கிடையாது. சுற்றுலா வந்து விசா தாண்டித் தங்கியவருக்கும் உயிருக்குப் பயந்து ஓடி வந்தவருக்கும் ஒரே சட்டம்: பழைய வெளிநாட்டவர் சட்டம் 1946, இப்போது அதற்குப் பதில் 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம். அதோடு வந்த ஓர் உத்தரவு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்திலிருந்து விலக்குக் கொடுத்தது. தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்த வழக்கு பயம் போயிற்று, பெரிய நிம்மதி. ஆனால் அது குடியுரிமை கொடுக்கும் உத்தரவு இல்லை.

இந்தக் கேள்விக்குப் பதிலைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், மற்ற எல்லாமே இதிலிருந்துதான் கிளம்புகிறது. சட்டம் இல்லை என்றால் உரிமை இல்லை. அரிசி, பணம், வீடு, படிப்பு எல்லாமே அரசாணை, சுற்றறிக்கை, வாய்மொழி என்று வருகிற சலுகை. 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு இதைக் கண்ணால் பார்த்தோம். அதுவரை அள்ளிக் கொடுத்த கை மூடிக்கொண்டது. 1992இல் கப்பல் ஏற்றித் திருப்பி அனுப்ப ஆரம்பித்தார்கள். பழ. நெடுமாறனும் டாக்டர் ராமதாஸும் உயர் நீதிமன்றம் போய்த் தடை வாங்கினார்கள். குண்டு வைத்தவர்கள் யாரோ, கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள் யாரோ.

வேறு மாதிரியும் நடத்த முடியும் என்பதற்குத் தூரமாகப் போக வேண்டாம். அந்தியூரிலிருந்து பர்கூர் மலை ஏறி இறங்கினால் கொள்ளேகால் பக்கம் ஒடேயர்பாளையம். 1970களில் திபெத்தியருக்கு அங்கே நிலம் கொடுத்துக் குடியமர்த்தினார்கள். மக்காச்சோளம் போடுகிறார்கள், கோயில் கட்டியிருக்கிறார்கள். அவர்களுக்கும் இதே வெளிநாட்டவர் சட்டம்தான். அரசு நினைத்தது, நடந்தது.

மாசாமாசம் பணம் குடுக்கறாங்களாமா? அப்புறம் என்ன குறை?

கொடுக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் குடும்பத் தலைவருக்கு 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆகவும், மற்ற பெரியவர்களுக்கு 750இலிருந்து 1,000 ஆகவும், குழந்தைகளுக்கு 400இலிருந்து 500 ஆகவும் உயர்த்தினார்கள். அரிசியும் உண்டு. இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். எத்தனையோ நாடுகளில் இதுகூட இல்லை.

குறை தொகையில் இல்லை, அதை வாங்க நிற்கிற நிலையில் இருக்கிறது. தணிக்கை நாள் என்றால் கூலி வேலையை விட்டுவிட்டு வர வேண்டும். ஒரு மேஜை, நீளப் பதிவேடு. வருவாய் ஆய்வாளர் பெயரை வாசிக்க, அந்த ஆள் எதிரே வந்து நிற்க வேண்டும். பக்கவாதத்தில் விழுந்த ஒரு பாட்டியை பிளாஸ்டிக் நாற்காலியோடு இரண்டு பேரன்கள் தூக்கி வந்து வரிசையில் வைத்ததைப் பார்த்தேன். பாட்டியின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது, ஒருத்தன் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டான். அவர்கள் வீடு மேஜையிலிருந்து பார்த்தால் தெரியும். ஆய்வாளர் நிமிர்ந்து பார்க்காமல் கட்டத்தில் டிக் போட்டுவிட்டு அடுத்த பெயரை வாசித்தார். சில மாதம் கழித்து வேறொரு ஆய்வாளர் வந்தார். பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அவரே அந்த வீட்டு வாசலுக்குப் போனார், “எப்படிம்மா இருக்கீங்க?” என்று கேட்டார், கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வாங்கினார், திரும்பினார். கூடுதலாக ஆன நேரம் ஐந்து நிமிஷம் இருக்கும். இரண்டு பேருக்கும் விதி ஒன்றுதான்.

இது உயிர்ப் பிரச்சினையாகவும் ஆகியிருக்கிறது. 2016 மார்ச்சில் திருமங்கலம் பக்கம் உச்சப்பட்டி முகாமில், உடம்பு சரியில்லாத மகனுக்கு வருகை போட மறுத்ததில் வருவாய் அதிகாரியோடு வாக்குவாதமாகி, ஒரு தகப்பன் அங்கேயே உயிரை மாய்த்துக்கொண்டார். பதிவேட்டில் ஒரு கட்டம். அதற்காக.

அப்ப அதிகாரிங்க எல்லாம் ஈரமில்லாதவங்களா?

பெரும்பாலும் இல்லை. பல பேர் நல்லவர்கள், வீட்டில் பிள்ளைகுட்டிகளோடு இருப்பவர்கள். நான் அதிகம் பார்த்தது கொடுமையைவிட, ‘நமக்கெதுக்கு வம்பு’ என்கிற ஒதுங்கலைத்தான். ‘மேலிருந்து உத்தரவு வரட்டும்’ என்பார்கள். சென்னையில் கேட்டால் டெல்லி என்பார்கள். போலீசின் உளவுப் பிரிவான கியூ பிராஞ்சிலிருந்து அறிக்கை வர வேண்டும் என்பார்கள். செய்யாமல் விட்டதற்காக எந்த அலுவலருக்கும் மெமோ வந்ததில்லை. செய்துவிட்டால் நாளைக்கு யாராவது கேள்வி கேட்கலாம். சட்டத்தில் தெளிவாக எழுதியிருந்தால் துணிந்து கையெழுத்துப் போடுவார். எழுதியிருக்காத இடத்தில் பயம்தான் முடிவெடுக்கிறது.

ஒரு பெண் பிள்ளை, பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண். கல்லூரியில் சேர முகாமில் வசிப்பதற்கான சான்று கேட்டார்கள். ஒரு அலுவலகத்தில் மனு கொடுத்தோம். அந்தப் படிவத்தில் ‘நாட்டினம்’ என்று ஒரு கட்டம். இந்தியர் என்று எழுதினால் பொய், இலங்கையர் என்று எழுதினால் ‘பாஸ்போர்ட் நகல் எங்கே?’ காலியாக விட்டால் ‘பூர்த்தி செய்யப்படவில்லை’ என்று மனு திரும்பி வந்தது. பிள்ளையின் அப்பா கோபிசெட்டிபாளையத்தில் பெயிண்டிங் வேலையைப் போட்டுவிட்டு வந்து, விரலிடுக்கில் காய்ந்த டிஸ்டெம்பரோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். யாரும் அவரைத் திட்டவில்லை. யாரும் அவரைப் பார்க்கவும் இல்லை. கல்லூரியில் கடைசித் தேதி நெருங்கியது.

பிறகு அதே அலுவலகத்தில், வேறு பிரிவிலிருந்த ஓர் உதவியாளர் அம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பீரோவைக் குடைந்து, முன்பு வேறொரு பிள்ளைக்கு இதே சான்று கொடுத்த பழைய கோப்பை எடுத்தார். அந்த மாதிரியைப் பார்த்துத் தட்டச்சு செய்து, வட்டாட்சியர் மேஜைக்குத் தானே கொண்டுபோய் வைத்தார். கையெழுத்தாகி வந்தது. அந்தம்மா எந்த விதியையும் மீறவில்லை. முன்பே இருந்ததைத் தேடிப் படித்தார். அந்தப் பிள்ளை இப்போது கோயம்புத்தூரில் படிக்கிறாள்.

ஆனால் பாருங்கள், அந்தம்மா அன்றைக்கு லீவில் இருந்திருந்தால்? ஒரு பிள்ளையின் படிப்பு, யார் எந்த நாற்காலியில் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து இருக்கக் கூடாது. நல்ல மனசுக்காரர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். நல்ல மனசு இல்லாதவரும் செய்தே ஆக வேண்டிய சட்டம்தான் எனக்கு வேண்டும்.

வெளியே போய் வேலை செய்யலாமா? நிலம், வண்டி வாங்கலாமா?

கூலி வேலைக்குப் போகலாம், போகிறார்கள். வெளியூரில் தங்க வேண்டுமானால் அனுமதி வாங்க வேண்டும், தணிக்கைக்குத் திரும்பிவிட வேண்டும். இன்ஜினியரிங் முடித்தவர்கள்கூட பெயிண்ட் வாளி தூக்குவது இதனால்தான்; பாஸ்போர்ட் இல்லாதவரை எடுக்கக் கம்பெனிகள் தயங்குகின்றன. அரசு வேலை கிடையாது. ரிசர்வ் வங்கி அனுமதி இல்லாமல் இலங்கைக் குடிமகன் இங்கே நிலம் வாங்க முடியாது. வண்டியைத் தெரிந்தவர் பெயரில் வாங்கி ஓட்டுகிற வழக்கம் இருக்கிறது. அந்தத் தெரிந்தவர் மனசு மாறினால் அவ்வளவுதான்.

வீடு கட்டிக் குடுத்துட்டாங்கன்னு கேள்விப்பட்டனே?

2021இல் 317 கோடி ரூபாய்க்கு மேல் திட்டம் அறிவித்தார்கள், அதில் 7,469 வீடுகள். தகரக் கூரைக்கும் தார்ப்பாய்த் தடுப்புக்கும் பதில் கான்கிரீட் வீடு. ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரையும் ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றினார்கள். நல்ல காரியம். வயசுக்கு வந்த பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு முப்பது வருஷம் தவித்த தாய்மாருக்கு அந்தச் சுவரின் அருமை தெரியும். வீட்டுக்குப் பட்டா கிடையாது.

போருதான் முடிஞ்சுதே, திரும்பிப் போலாமில்ல?

போக விரும்புபவர்கள் போகிறார்கள். ஐ.நா. அகதிகள் அமைப்பின் சென்னை அலுவலகமும், சந்திரகாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகமும் உதவியிருக்கின்றன. ஆனால் போவதற்கும் காகிதம் வேண்டும். இங்கே பிறந்த பிள்ளையை இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிய வேண்டும், இங்கிருந்து வெளியேற அனுமதி வாங்க வேண்டும். வர வழியில்லை, போகவும் லேசில் வழியில்லை. வடக்கே ராணுவம் எடுத்துக்கொண்ட காணிகள் முழுசாகத் திரும்பவில்லை. மலையகத்தவருக்கோ திரும்பிப் போக தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஓர் அறைகூட மிச்சமில்லை. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ‘திரும்புதல்’ என்றால் பவானிசாகருக்குத் திரும்புவதுதான்.

நம்ம சனத்துக்கே வேலையில்ல. இவங்களையும் எப்படிங்க தாங்கறது?

2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்திலேயே, தண்டனை அனுபவித்து முடித்த ஓர் இலங்கைத் தமிழர் வழக்கில், 140 கோடிப் பேரோடு திணறும் நாடு எல்லோருக்கும் சத்திரமாக இருக்க முடியாது என்ற பொருளில் நீதிபதி பேசினார். ஆகவே இப்படிக் கேட்பவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் ஏழு கோடிக்கு மேல் ஜனம் இருக்கிற தமிழ்நாட்டில் முகாம்களில் இருப்பவர்கள் அறுபதாயிரத்துக்கும் குறைவு. நம் மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் ஆள் போதாமல் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ரயில் ரயிலாகக் கூட்டி வருகிறோம். முகாம்காரர் இங்கேயே உழைத்து இங்கேயே செலவழிக்கிறார். அவருக்கு முழுசாக வேலை செய்ய வழிவிட்டாலே பணக்கொடை தேவைப்படாது. இதே உச்ச நீதிமன்றம் 1996இல் அருணாசலப் பிரதேசத்தில் இருந்த சக்மா அகதிகள் வழக்கில், அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் உயிர்ப் பாதுகாப்பு குடிமக்களுக்கு மட்டும் உரியதில்லை, இந்த மண்ணில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் உண்டு என்று சொல்லியிருக்கிறது.

பாதுகாப்புன்னு ஒண்ணு இருக்கில்ல? போலீசு கண்காணிக்க வேண்டாமா?

கண்காணிக்கட்டும். குற்றம் செய்தால் வழக்குப் போடட்டும். என் ஆட்சேபம் சிறப்பு முகாமைப் பற்றியது. திருச்சி மத்திய சிறை வளாகத்தில் இருக்கிறது. நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தாலும், தண்டனைக் காலமே முடிந்தாலும், அரசு ஆணையால் அங்கே அடைத்து வைக்கலாம். ராஜீவ் வழக்கில் 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விடுவித்த சாந்தன் அங்கேதான் வைக்கப்பட்டார். இலங்கையில் இருந்த வயதான தாயைப் பார்க்கப் போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பயண அனுமதி 2024 பிப்ரவரியில் வந்தபோது அவர் சென்னையில் ஆஸ்பத்திரிப் படுக்கையில். அந்த மாதம் 28ஆம் தேதி இறந்தார். அவர் செய்த குற்றத்தைப் பற்றி யாரும் என்ன அபிப்பிராயமும் வைத்துக்கொள்ளலாம். விடுதலையான மனிதனுக்கு ஒரு பயணத்தாள் கொடுக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

நான் என்னங்க செய்ய முடியும்?

நிறைய. காசு தேவையில்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 குடிமக்களுக்கு மட்டும்தான். முகாம்காரர் தன் விஷயத்துக்கே ஆர்.டி.ஐ. போட முடியாது, நீங்கள் போடலாம். பத்து ரூபாய் கட்டணம். அடுத்தவரின் சொந்த விவரத்தைக் கேட்டால் தனியுரிமை என்று மறுத்துவிடுவார்கள். அதனால் விதியைக் கேளுங்கள்: ‘முகாமில் வசிக்கும் மாணவருக்குச் சான்று வழங்குவது தொடர்பான அரசாணை நகல் வேண்டும், எத்தனை நாளில் வழங்க வேண்டும் என்ற விவரம் வேண்டும்.’ அந்த நகல் கையில் இருந்தால் அடுத்த பிள்ளைக்கு யாரும் ‘மேலிருந்து வரட்டும்’ என்று சொல்ல முடியாது.

திங்கள்கிழமை கலெக்டர் ஆபீசில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் முகாம்காரரும் மனு கொடுக்கலாம். கூடப் போங்கள். உள்ளூர்க்காரர் ஒருவர் பக்கத்தில் நின்றால் பேச்சின் தொனியே மாறும், பல தடவை பார்த்தாயிற்று. மனு எண் போட்ட ரசீதை வாங்காமல் வரக் கூடாது.

பள்ளிக்கூடத்தில் சேர்க்க மறுத்தால் பயப்பட வேண்டாம். கட்டாயக் கல்விச் சட்டம் 2009 குழந்தை என்றுதான் சொல்கிறது, குடிமகனின் குழந்தை என்று சொல்லவில்லை. குழந்தை பிறந்தால் 21 நாளுக்குள் பிறப்பைப் பதியச் சொல்லுங்கள். வழக்கு என்று வந்தால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். ஆணைக்குழு அலுவலகம் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். ஈரோட்டுக்காரர்களுக்குச் சம்பத் நகர். போகும்போது முகாம் அடையாள அட்டை, குடும்ப அட்டை, பிறப்புச் சான்று மூன்றிலும் இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள், மூலத்தை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.